கதவைச் சாத்திவிடாதீர்கள்: 34 பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிக் டென், எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ்களின் (தமக்குள் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டணிகளின்) கமிஷனர்கள் டோனி பெட்டிட்டி, கிரெக் சாங்கி அவர்களுக்கும், அவற்றில் உறுப்பாக உள்ள 34 பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பருவத்தில், சனிக்கிழமை காலை இ.எஸ்.பி.என். விளையாட்டு டிவி நடத்தும் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கொடி தெரிந்திருக்கும். நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும், எந்த இரண்டு அணிகள் மோதினாலும், கூட்டத்தின் நடுவே ஒரு நீளமான கம்பத்தில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருக்கும். 2003இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பழைய மாணவர் ஒருவர் தொடங்கி வைத்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொடியைப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அந்தந்த ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் விடியுமுன் போய் இடம் பிடித்து உயர்த்துவார்கள். யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நான் படித்தேன். 2001இல் மதுரையிலிருந்து முதுகலைப் படிப்புக்காக புல்மன் என்ற அந்தச் சின்ன ஊரில் வந்து இறங்கினேன். சுற்றிலும் கோதுமை வயல் போர்த்திய குன்றுகள். ஊரின் மக்கள்தொகை சுமார் 33 ஆயிரம்; ஸ்டேடியத்தின் இருக்கைகளும் ஏறக்குறைய அதே அளவு. நமக்குத் தெரிந்த கால்பந்து வேறு, இது வேறு. பந்தின் வடிவம்கூட எனக்குப் புதிது. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்ற அடிப்படை விதியைப் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு கோதுமை விவசாயிதான் விரல்விட்டு எண்ணிக் காட்டிச் சொல்லித் தந்தார். ஊர் கூடித் தேர் இழுப்பதை அறிந்து வளர்ந்தவனுக்கு மற்றதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் வந்த நேரமும் நல்ல நேரம். 2001, 2002, 2003 மூன்று பருவங்களிலும் பத்துப் பத்து வெற்றிகள். 2003 புத்தாண்டு அன்று எங்கள் அணி புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஆடியது.

இன்று என் மகள் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அது இப்போது உங்கள் பிக் டென்னில் ஒன்று. ஆக என் வீட்டில் உங்கள் கதவுக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், உங்கள் மைதானங்களில் பிள்ளைகளோடு வந்து உட்காரும் தமிழ்க் குடும்பங்களும், உங்கள் வகுப்பறைகளில் இருக்கும் தமிழ் மாணவர்களும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஃபுட்பால் பல்கலைக்கழகங்கள் மட்டும் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வை விட்டு விலகி, தங்களுக்கென ஒரு தனி லீக் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக ஓயவில்லை. 2024 அக்டோபரில் உங்கள் இரு கான்ஃபரன்ஸ்களின் நிர்வாகிகளும் நாஷ்வில்லில் ஒன்றாக உட்கார்ந்து பேசினீர்கள். முதலீட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த சூப்பர் லீக் திட்டங்களில் நீங்கள் ஆர்வம் காட்டவில்லை என்பதும் தெரியும், அதற்கு நன்றி. ஆனால் 2026 முதல், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் போட்டிகளின் வருமானத்தில் சுமார் 58 சதவீதம் உங்கள் 34 பேருக்கு. பிளேஆஃப் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்திலும் பெரும்பங்கு உங்களிடம். 2025 பருவத்தில் மேல்நிலையில் ஆடிய அணிகள் மொத்தம் 136. மிச்சமிருக்கும் நூறு பேருக்கு மேலானவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே சுவர் ஏற்கெனவே பாதி எழும்பிவிட்டது. மீதியையும் கட்ட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஏற்பாடு அப்படியே தொடர முடியாது. பல பத்தாண்டுகள் ஆட்டக்காரர்களை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு, அவர்களுக்கு ஸ்காலர்ஷிப் போதும் என்று என்.சி.ஏ.ஏ. சொல்லிவந்தது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது: முன்னாள், இந்நாள் ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை, இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகத் தரலாம். அந்தத் தொகையை முழுதாகத் தர முடிந்தவர்களையும் அதில் பத்தில் ஒரு பங்குக்கே திண்டாடுபவர்களையும் ஒரே விதிப்புத்தகத்தில் வைத்திருப்பது கஷ்டம்தான். அதை மறுக்க மாட்டேன். ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து முறையாக ஒப்பந்தம் போட ஒரு புது அமைப்பு தேவை என்றால், நான் ஆதரிப்பேன்.

ஆனால் புது அமைப்பு வேறு, பூட்டிய அறை வேறு.

1984ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவரை எந்த ஆட்டத்தை டிவியில் காட்டுவது, ஒரு அணியை எத்தனை முறை காட்டுவது என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா இரு பல்கலைக்கழகங்களும் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. மாறுபட்ட இருவரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நாடறிந்த ஃபுட்பால் நட்சத்திரமாக இருந்தவர். 1938இல் தொழில்முறை லீக்கில் ஓடி எடுத்த கஜக் கணக்கில் முதலிடம் பிடித்தவர். அந்த நீதிமன்றத்தில் இந்த ஆட்டத்தை உடம்பால் அறிந்திருந்த அவர், இதை வெறும் வியாபாரமாக மட்டும் எடை போடக் கூடாது என்று எழுதினார். சட்டப்படி யார் சரி என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்குப் பின் நடந்ததை நாற்பது ஆண்டுகளாக எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

டிவி உரிமை கான்ஃபரன்ஸ்கள் கைக்குப் போனது. எந்தக் கான்ஃபரன்ஸ் பெரியதோ அதற்குப் பணம். 1996இல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கலைந்தது. டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டெக்சாஸ் டெக், பேலர் பல்கலைக்கழகங்கள் நான்கும் பிக் 12 கான்ஃபரன்ஸுக்குப் போய்விட, டி.சி.யூ., எஸ்.எம்.யூ., ரைஸ், ஹூஸ்டன் தெருவில் நின்றன. இந்த நான்கின் பிற்காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். டி.சி.யூ. கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸாக ஏறி வந்து 2012இல் பிக் 12இல் சேர்ந்தது. 2022 பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. ஹூஸ்டன் 2023இல் பிக் 12க்கு வந்தது. எஸ்.எம்.யூ. 2024இல் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸில் சேர்ந்த முதல் பருவத்திலேயே பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது. தள்ளிவிடப்பட்ட நால்வரில் மூவர் திரும்ப ஏறி வந்துவிட்டார்கள். பதினாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் ஏணி அங்கே இருந்தது. அதனால் வந்தார்கள்.

நீங்கள் தனி லீக் அமைத்துப் பெயர்ப்பட்டியலை மூடிவிட்டால், அடுத்த டி.சி.யூ. எதில் ஏறி வரும்?

இந்த ஆட்டத்தின் கதைகள் எல்லாம் அந்த ஏணியில்தான் இருக்கின்றன. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகனின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் மைதானத்துக்கு, ஒரு படி கீழே ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட் வந்தது. தோற்றுவிட்டுப் போவதற்காக 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைக்கப்பட்ட அணி. 34க்கு 32 என்று ஜெயித்துப் போனது. 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாய், ஐந்தாம் இடத்தில் இருந்த நோட்ர டாமை அதன் சொந்த மண்ணில் 16க்கு 14 என்று வீழ்த்தியது. அந்தத் தோல்வியால் நோட்ர டாம் ஒன்றும் அழிந்துவிடவில்லை; அதே பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. பெரியவர்களுக்கும் அது நல்ல கதைதான்.

எல்லாவற்றையும்விட இந்தியானாவை நினைத்துப் பாருங்கள். இந்தியானா உங்கள் வீட்டுப் பிள்ளைதான், பிக் டென் உறுப்பு. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன்பு 24 அல்லது 30 பெரிய பெயர்களை மட்டும் சேர்த்து ஒரு லீக் போட்டிருந்தால், அதன் பெயரை யார் எழுதியிருப்பார்கள்? வரலாற்றிலேயே அதிகத் தோல்விகள் கண்ட அணி என்ற பெயரை நீண்ட காலம் சுமந்த பல்கலைக்கழகம் அது. 2024க்கு முன் ஒரு பருவத்தில்கூடப் பத்து வெற்றிகள் கண்டதில்லை. கூடைப்பந்துக்காக மட்டுமே பேசப்பட்ட இடம். அங்கே கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் வந்தார். எங்கிருந்து வந்தார் என்பதையும் கவனியுங்கள். ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து. 2022இல்தான் அது மேல்நிலைக்கே ஏறி வந்தது. அங்கே அவரோடு ஆடிய பல ஆட்டக்காரர்களும் கூடவே வந்தார்கள். முதல் பருவத்தில் 11 வெற்றிகள், பிளேஆஃப். இரண்டாம் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 2026 ஜனவரியில் மியாமியை வென்று தேசிய சாம்பியன். கீழ்ப்படியில் வளர்ந்த ஒரு பயிற்சியாளரும், பெரிய இடங்கள் கண்டுகொள்ளாத ஆட்டக்காரர்களும் சேர்ந்து, யாரும் தேர்ந்தெடுத்திருக்காத ஒரு பல்கலைக்கழகத்துக்காகச் செய்த காரியம் இது. பெயரைப் பார்த்து அணிகளைப் பொறுக்கும் லீக்கில் இது நடந்தே இருக்காது.

இன்னொன்று. இதை உங்கள் சுயநலத்தின் பக்கமிருந்தே சொல்கிறேன். பெரியவர்கள் மட்டும் ஒருவரோடு ஒருவர் ஆடினால், ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியவர்களில் பாதிப் பேர் தோற்பார்கள். கணக்கு அவ்வளவுதான். இன்று பருவத் தொடக்கத்தில் சிறிய அணிகளைப் பணம் கொடுத்து வரவழைத்து மூன்று வெற்றிகளைச் சேர்த்துக்கொள்கிறீர்கள். அந்தப் பணத்தில்தான் அந்தச் சிறிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகள் ஓடுகின்றன. அது போனால் அவர்களுக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். தொழில்முறை லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் தேர்வு கிடைக்கும். அதனால் விழுந்தவர் எழ ஒரு வழி உண்டு. கல்லூரியில் டிராஃப்ட் கிடையாது. விழுந்த அணியைத் தேடி நல்ல ஆட்டக்காரர் வர மாட்டார். அது விழுந்தே கிடக்கும். நெப்ராஸ்கா 1990களில் மூன்று தேசியப் பட்டங்கள் வென்ற அணி. 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்களில், பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டம் ஒன்றில்கூட அது ஆடவில்லை. இன்றைய அமைப்பிலேயே இந்த நிலை. பூட்டிய லீக்கில் இப்படி எத்தனை நெப்ராஸ்காக்கள் உருவாவார்கள்? 1962 முதல் ஒரு ஆட்டம் விடாமல் மைதானத்தை நிரப்பும் லிங்கன் ஊர் மக்களைப் போல எல்லா ஊர்க்காரர்களும் பொறுமை காட்டுவார்களா?

2021 ஏப்ரலில் ஐரோப்பாவில் 12 பெரிய கால்பந்து கிளப்புகள் இதே முயற்சியைச் செய்தன. மூன்றே நாளில் அது சரிந்தது. லண்டனில் செல்சி கிளப்பின் மைதானத்துக்கு வெளியே தெருவை அடைத்து நின்றவர்கள் அந்தக் கிளப்பின் சொந்த ரசிகர்கள். அவர்களுக்கு லாபம்தானே, ஏன் எதிர்த்தார்கள்? யாரும் கீழே இறங்க வேண்டாத லீக்கில் மேலே இருப்பதற்கு மதிப்பில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இத்தனைக்கும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கே 1992இல் டிவி பணத்துக்காகப் பிரிந்து உருவானதுதான். பணம் பெருகியது, வருத்தங்களும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அடியில் முடிப்பவர்கள் இறங்குவதும், கீழே ஜெயித்தவர்கள் ஏறுவதும் தொடர்ந்தன. பிரிந்தாலும் கதவைத் திறந்து வைத்திருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால், ஃபுட்பாலை மற்ற விளையாட்டுகளிடமிருந்து பிரியுங்கள். பெரிய பல்கலைக்கழகங்களைச் சின்னவற்றிடமிருந்து பிரிக்காதீர்கள்.

2023 ஆகஸ்ட் 4 அன்று ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஒரு வருஷம் முன்பே லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் அறிவித்திருந்தன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா, கொலராடோ நான்கும் பிக் 12க்கு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஏ.சி.சி.க்கு, அதாவது அட்லாண்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸுக்கு. 1915இல் வேர்விட்ட, பேக்-12 என்ற மேற்குக் கடற்கரைக் குடும்பத்தில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். ஃபுட்பால் அணிக்கு இதில் பெரிய கஷ்டமில்லை. ஆண்டுக்கு ஆறேழு பயணம், தனி விமானம். ஆனால் டிவி பணத்துக்காக ஃபுட்பால் எடுத்த முடிவு, கைப்பந்து, சாஃப்ட்பால், டென்னிஸ், கால்பந்து ஆடும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போனது. என் மகளின் விடுதி அறைத்தோழி அப்படி ஒரு அணியில் இருக்கிறாள். நியூ ஜெர்சியில் ஒரு ஆட்டத்துக்குப் போய்வர வாரத்தின் நடுவே இரண்டு நாள் வகுப்பு போகிறது. விமானத்தில் உட்கார்ந்து வேதியியல் தேர்வுக்குப் படிக்கிறாள். இந்தப் பெண்ணின் ஆட்டத்தை டிவியில் விற்று யாரும் கோடி பார்க்கப் போவதில்லை. அவள் ஏன் ஒரு கண்டத்தைக் கடக்க வேண்டும்?

இதற்குத் தீர்வு உங்கள் கண்முன்னே இருக்கிறது. நோட்ர டாம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் தனியாக இருக்கிறது; மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஏ.சி.சி.யில் ஆடுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தால் முடிந்தது எல்லோராலும் முடியும். ஃபுட்பாலுக்கு நாடு தழுவிய ஒரே அமைப்பு, அதற்குள் படிநிலைகள், ஏற்றமும் இறக்கமும். மற்ற விளையாட்டுகள் பக்கத்து ஊர்க்காரர்களோடு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். 2023இல் அப்போது யு.சி.எல்.ஏ. பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லி ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஃபுட்பாலால் வயிறு வளர்க்கும் ஒருவரே சொன்னதால் அது எனக்கு நினைவிருக்கிறது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கல்லூரி விளையாட்டில் வளர்ந்தவர்கள். வேறு பல நாடுகளில் அரசாங்கம் செய்யும் வேலையை இங்கே ஃபுட்பால் பணம் செய்கிறது. என் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவின் ஹென்றி ரோனோ 1978இல் 81 நாட்களுக்குள் ஓட்டத்தில் நான்கு உலக சாதனைகள் படைத்தபோது வாஷிங்டன் ஸ்டேட் மாணவர். அதே தடகள அணி 2025இல் எறிதல், தாண்டுதல் பிரிவுகளைக் கைவிட்டுவிட்டது. காரணம் பணம். ஒரு ஈட்டியும் ஒரு குண்டும் வாங்கும் செலவு பெரிய இடத்து ஃபுட்பால் அணியின் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட இருக்காது. அதைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

அப்புறம் பணத்தைப் பகிரும் விஷயம். 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறை லீக்குகள் தங்கள் டிவி உரிமைகளைச் சேர்த்து விற்க அனுமதித்தது. கிரீன் பே என்ற சின்ன ஊரின் அணி இன்றும் நியூயார்க் அணிகளோடு சமமாக நிற்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். கல்லூரிகளுக்கு அந்த அனுமதி இல்லை. எல்லோரும் சேர்ந்து விற்றால் மொத்தத் தொகை கூடுமா என்பதில் உங்கள் கணக்கர்களுக்கும் மற்றவர்களின் கணக்கர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கூடினால், உங்கள் பங்கு குறையாமலே மற்றவர்களுக்கும் கிடைக்கும். கூடாது என்று நீங்கள் நினைத்தால் அந்தக் கணக்கை வெளியிடுங்கள், பார்க்கிறோம்.

வெளியிடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் 34இல் வாண்டர்பில்ட், நார்த்வெஸ்டர்ன், யு.எஸ்.சி. மூன்று மட்டுமே தனியார். மீதி 31 பொதுப் பல்கலைக்கழகங்கள். சோளமும் சோயாவும் விளையும் ஊர்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்று சொல்லி நடத்தப்படுபவை. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தை வெளியே தள்ளிவிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது சாதாரண வியாபாரம் இல்லை. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 1904இலிருந்து ஆடிய 'பெட்லம்' ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றுவிட்டது. இரண்டும் ஒரே மாநிலத்தின் பிள்ளைகள். நேர்மையாகச் சொன்னால், இடமாற்றத்தால் நல்லதும் நடந்திருக்கிறது: டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2011க்குப் பிறகு 2024இல் மறுபடி மோதின, மாநிலமே கொண்டாடியது. ஆனால் அந்த இரண்டும் இப்போது ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சுவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

எங்கள் வீட்டு ஆட்டத்தின் பெயர் ஆப்பிள் கப். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 1900இலிருந்து ஆடுவது. பல காலமாக அது நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் வரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள். 2024இல் அதை செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள், கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு இடம் விடுவதற்காக. நானும் மகளும் சியாட்டிலில் நேரில் பார்த்தோம். நான் சிவப்பு, அவள் ஊதா. கடைசி நேரத்தில், கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் வாஷிங்டனை எங்கள் பையன்கள் நிறுத்தினார்கள். 24க்கு 19. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும் வழியில் வெகுநேரம் பேசாமல் வந்தவள், "இந்த ஆட்டம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் அப்பா?" என்று கேட்டாள். 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தனி லீக் பற்றிய எந்த முடிவையும் கான்ஃபரன்ஸ் அலுவலகத்தின் மூடிய அறையில் எடுக்காதீர்கள். அந்த அலுவலகங்கள் தனியார் அமைப்புகள். அங்கே நடப்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் பொதுப் பல்கலைக்கழகங்களான உங்களில் 31 பேருக்கும் மேலே ஆட்சிக் குழு உண்டு. திட்டத்தை அங்கே கொண்டுவாருங்கள். முழு ஆவணத்தையும் வாக்கெடுப்புக்கு 60 நாள் முன்பு வெளியிடுங்கள். ஆட்டக்காரர்களையும், சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகளையும், பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தின் தலைவரையும் கூப்பிட்டுப் பேச விடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் பெயர் சொல்லி, பொதுமக்கள் முன்னிலையில் வாக்களியுங்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு அந்த நாளைக் குறித்தால், பார்வையாளர் வரிசையில் நாங்கள் இருவரும் வந்து உட்காருவோம்.

மரியாதையுடன்,
வாஷிங்டன் ஸ்டேட்டின் பழைய மாணவர் ஒருவர், வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவியின் அப்பா
சியாட்டில்